சடங்கு வீட்டில் அழுத வெள்ளைக்காரன்

பள்ளிக்கூடம் விட்டு வந்த என்னைப் பிடித்துக் கொல்லையில் ஓலைக் குச்சிலுக்குள் உட்கார வைத்தார்கள். வயசுக்கு வந்துவிட்டேனாம். அது என் குற்றமா?

குச்சிலுக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது. மழை இல்லாமல் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அந்த அனலெல்லாம் ஓலை வழியாக உள்ளே வந்தது. எழுந்தேன், உட்கார்ந்தேன், ஓலையைப் பிய்த்தேன். ஏழாம் வகுப்புப் பரீட்சை வரப்போகிறது. எப்போது பள்ளிக்கூடம் போகலாம் என்று அம்மையிடம் கேட்டேன்.

சோற்றுத் தட்டை உள்ளே தள்ளிவிட்டு, “ஏட்டி, இனி என்ன பள்ளிக்கூடம்?” என்றாள்.

சடங்கன்றைக்கே அத்தை மகனுக்கு வெற்றிலை மாற்றி என்னை நிச்சயம் பண்ணப் போகிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஓட்டப்பிடாரத்துக்காரன், பருத்தி வியாபாரம். மீசை முழுதாக முளைத்தவன். நான் இன்னும் பாண்டி ஆடிக்கொண்டிருந்தேன்.

மாமா, அதாவது அம்மையின் மூத்த அண்ணன், கோவில்பட்டியில் மைக்செட் கடை வைத்திருந்தார். கல்யாணம், கோயில் கொடை, எழவு எல்லாவற்றுக்கும் அவர்தான் ரெக்கார்டு போடுவார். அவரிடம் இருந்தவை எல்லாம் சின்ன ரெக்கார்டுகள். ஒன்றே ஒன்று சுளகு மாதிரிப் பெரிசு. தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கப்பல்காரனிடம் வாங்கியது. அட்டையில் நாலு சடைமுடிக்காரர்கள் ஒரு சொறிநாயோடு தண்டவாளத்தில் நின்றார்கள். டென்மார்க்கில் ஒரு ரெக்கார்டு போட்டுவிட்டுக் கலைந்துபோன பாட்டுக் கூட்டம் என்று வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

லீவு நாளில் கடைக்குப் போனால் அதை எனக்குப் போட்டுக் காட்டுவார். சின்ன ரெக்கார்டு ஓடுகிற வேகத்தில் விட்டால் பாடுகிறவன் எலி மாதிரிக் கீச்சிடுவான். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். ரெக்கார்டுப் பெட்டி ஓரத்தில் இருக்கும் விசையைத் தள்ளி வேகத்தைக் குறைப்பார். அப்புறம் சிரிக்க முடியாது. கிட்டார் இழுத்து இழுத்துக் கதறும். கடைசிப் பாட்டில் அவன் தொண்டை கிழிய அழுவான்.

“ஏன் மாமா இப்படி அழுதான்?”

“அவனுக்கும் என்ன வயித்தெரிச்சலோ!”

அந்த மாமா குச்சில் பக்கம் வந்தபோது ஓலை இடுக்கில் வாயை வைத்துச் சொன்னேன். “மாமா, நான் பள்ளிக்கூடம் போவணும். அப்பாகிட்ட சொல்லுங்க.”

“சொன்னா கேக்கவா போறாவ?” என்றார். போய்விட்டார். இவரும் அப்பா அம்மை கூட்டம்தான் என்று காறித் துப்பினேன்.

சடங்கன்று பனைமரத்தில் மைக்செட் குழாய் கட்டியிருந்தது. என்னைப் பட்டு சுற்றி மணையில் உட்கார வைத்தார்கள். எதிரே பந்தல் காலடியில் மாமாவும் பெட்டியும். காலையிலிருந்து சின்ன ரெக்கார்டுகள்தான் ஓடிக்கொண்டிருந்தன. குலவை போட்டார்கள். அத்தை வெற்றிலைத் தட்டைக் கையில் எடுத்தாள். மாமா அந்தப் பெரிய ரெக்கார்டை எடுத்தார். விசையைத் தள்ளினார். ஊசியைக் கடைசிப் பாட்டு இருக்கும் உள்வட்டத்தில் வைத்தார்.

வெள்ளைக்காரன் சுற்றுப்பட்டி எல்லாம் கேட்க அழுதான்.

பந்தல் அப்படியே நின்றது. வரிசைத் தட்டு சுமந்து வந்த ஒருத்தி, போன மாதம் அண்ணனைப் பறிகொடுத்தவள், முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு விசும்ப ஆரம்பித்தாள். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

“ஏலே, இது சடங்கு வீடா எழவு வீடா? எவம்லே ஒப்பாரி போட்டது?” என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் கத்தினார்.

அப்பா ஓடிவந்து வயரைப் பிடுங்கினார். மாமா சட்டைக் கையைத் தடவிக்கொண்டே, “கை தவறிட்டு மாப்ளே” என்றார்.

“வெத்தல மாத்துத நேரத்துல எழவுப் பாட்டா! எம் புள்ள உசுரோட இருக்கணும். வாங்க போவோம்” என்று அத்தை தட்டை அங்கேயே வைத்துவிட்டு வண்டி ஏறினாள். தை பிறந்ததும் கடம்பூரில் பெண் எடுத்துவிட்டாள்.

சகுனம் கெட்டவள் என்று வேறு யாரும் என்னைக் கேட்டு வரவில்லை. “சும்மா கெடந்து திங்கதுக்குப் பள்ளிக்கூடமாவது போய்த் தொலையட்டும்” என்றார் அப்பா. நான் படித்த லட்சணம் இதுதான். எந்தப் பெரிய மனுஷனும் மனசு மாறிப் படிக்க வைக்கவில்லை.

மாமாவை அதன்பிறகு ஒரு நல்ல காரியத்துக்கும் யாரும் கூப்பிடவில்லை. ‘எழவு செட்டு’ என்று பேர் வைத்தார்கள். சாவு வீடுகளுக்கே ஓடி ஓடிப் பெட்டி தேய்ந்துபோனது. வகுப்பில் என்னை ‘ஒப்பாரி’ என்று கூப்பிட்டார்கள். அப்போதெல்லாம் மாமாவைத்தான் கரித்துக் கொட்டினேன். ஒரு மனுஷனுக்கு இப்படியா கை தவறும் என்று அவர் முகத்துக்கு நேராகவே கேட்டேன். “தவறிட்டுட்டி” என்றார். சாகிறவரைக்கும் வேறு வார்த்தை சொல்லவில்லை.

அவர் விசையைத் தள்ளியதை மணையில் இருந்து கண் கொட்டாமல் பார்த்தவள் நான்தான். பார்த்து என்ன பிரயோசனம்? கை தவறிப் போட்டிருந்தால் வெள்ளைக்காரன் எலி மாதிரிக் கீச்சிட்டிருப்பான். பந்தல் சிரித்துவிட்டு வெற்றிலையை மாற்றியிருக்கும். அன்றைக்கு அவன் சரியான வேகத்தில்தான் அழுதான்.