வெளிச்சமாகிவிட்ட கிடங்கு

மட்டாஞ்சேரியில் எந்தக் கல்யாணத்திலும் வாஞ்சிநாதன் இருப்பார்; எந்தப் படத்திலும் இருக்க மாட்டார். பிராட்வே ஸ்டுடியோவில் தரை துடைக்கப் போய், கேமரா கற்றுக்கொண்டு திரும்பியவர்.

அவருடைய கூட்டாளி முத்துவேல், சுமை தூக்கிக்கொண்டிருந்த சுக்குக் கிடங்கில் மூட்டை அடுக்கின் மேலிருந்து விழுந்து இறந்தார். அங்கிருந்த ஒரே பல்பு ஃபியூசாகி ஒரு மாதமாகியிருந்தது. குடித்துவிட்டு ஏறினான் என்றார் முதலாளி. விதி என்றார்கள் துக்கத்துக்கு வந்தவர்கள். மாற்றாத பல்புக்கு விதி என்று பெயர் வைத்தால் முதலாளிக்கு எவ்வளவு சௌகரியம்.

முத்துவேலின் மனைவி மாயம்மாளிடம், "அந்த இருட்டைப் படம் புடிச்சு ஆபீசருக்குக் காட்டறேன்" என்று சொல்லிவிட்டு வாஞ்சி கிடங்குக்குப் போனார். கண்ணுக்குத் தெரிகிற இருட்டே படத்திலும் விழ வேண்டுமென்று ஷட்டரையும் லென்ஸ் துளையையும் கையாலேயே வைத்தார். நாலைந்து தடவை அமுக்குவதற்குள் மேஸ்திரி கத்திக்கொண்டு வந்தான். அவன் பிடுங்கிவிடக் கூடாதென்று மெமரி கார்டைக் கழற்றி, வாசலில் நின்ற யூனியன்காரர் ராஜனிடம் கொடுத்துவிட்டார். ராஜன் பிரிண்ட் போட்டு லேபர் ஆபீசில் சேர்த்தார்.

முந்தின நாள் கல்யாணத்தில் கேமராவின் ஒளி உணர்திறனை, அந்த ஐஎஸ்ஓவை, தானாக மாறும்படி 'ஆட்டோ'வில் வைத்ததை வாஞ்சி மறந்திருந்தார். மண்டபத்தில் அது உபகாரம். வெளிச்சம் குறைந்தால் கேமரா தானாக உணர்திறனைக் கூட்டி மணப்பெண்ணின் முகத்தைக் காப்பாற்றும். கிடங்கிலும் அதையேதான் செய்தது. கேமராவுக்கு இருட்டு என்பது சரிசெய்ய வேண்டிய குறை. முதலாளிக்கு ஒரு நாளும் அப்படித் தோன்றியதில்லை.

விசாரணையில்தான் வாஞ்சி படத்தைப் பார்த்தார். பட்டப்பகல் போலிருந்தது.

"நல்ல வெளிச்சமுண்டல்லோ வாஞ்சி. மூட்டைத் தையல்கூடத் தெரியுதே" என்றார் அதிகாரி.

"அது கேமரா கூட்டினது சாரே. எவ்வளவு கூட்டிச்சுன்னு படத்தோடயே பதிவிருக்கு. அதைப் பாருங்க."

"சாட்சின்னு கொண்டுவந்ததே நீங்கதானே. இப்ப கேமரா பொய் சொல்லுதுன்னா நான் எந்து செய்ய?"

முதலாளியின் வக்கீல் சிரித்துக்கொண்டே ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார். மறுபடி எடுக்கவும் வழியில்லை. கிடங்கில் அதற்குள் வரிசையாகப் புது டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது.

வெளியே வந்ததும் மாயம்மாள் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தாள்.

"இம்புட்டு வெளிச்சத்துலயாண்ணே அவரு விழுந்தாரு?"

"இல்ல மாயம்மா. உள்ள கும்மிருட்டு. நான் பார்த்தேன்."

அவள் மறுபடியும் படத்தைத்தான் பார்த்தாள்.

"அன்னிக்குக் குடிச்சிருந்தாரா? எங்கிட்ட மறைக்காதீங்க."