நெட்டையன் தேறுவானா?

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பதுதான் மூத்த மருமகளான பெரியவளுக்கு வேலை. எதிரே உட்காருபவர் சட்டைக் கையை மடிக்கும் விதத்தை வைத்தே, ஊசியைத் தாங்குவாரா மயங்கி விழுவாரா என்று சொல்லிவிடுவாள். அதே கண்ணோடுதான் கிரிக்கெட்டும் பார்ப்பாள். எகிறி வரும் பந்துக்கு பேட்ஸ்மேன் முகத்தைத் திருப்பினால், "இவன் தேற மாட்டான் மாமா" என்பாள். முக்கால்வாசி பலித்துவிடும்.

உலகக் கோப்பை நடக்கும்போது மாமனாரின் கட்டிலை ஒட்டிய நாற்காலி அவளுடையது. யார் மட்டையோடு இறங்கினாலும் அவர், "என்னம்மா, தேறுவானா?" என்பார். அந்த வீட்டில் வேறு எதற்கும் அவளிடம் கருத்துக் கேட்டதில்லை. அவள் அறைக்கே அவளைக் கேட்காமல்தான் பெயிண்ட் அடித்தார்கள்.

இந்த முறை கோப்பை தொடங்கும் நேரம் பார்த்து மாமனாருக்குக் கண்புரை ஆபரேஷன். ஒரு கண்ணில் கட்டு. மற்றது எப்போதோ மங்கிப்போனது. டிவியில் நடப்பதை யாராவது சொன்னால்தான் உண்டு. பெரியவள் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

ஆனால் இந்த முறை சின்னவளும் இருந்தாள். போன வருஷம் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்தவள். கல்லூரி அணியில் விக்கெட் கீப்பர். முதல் ஆட்டத்தில், பெரியவள் தேற மாட்டான் என்று ஒதுக்கிய பச்சைச் சட்டைக் குள்ளனைப் பார்த்து, "இல்ல மாமா, காலு நல்லா நகருது, அடிப்பான்" என்றாள். குள்ளன் சதம் அடித்தான். அடுத்த ஆட்டத்திலும் அவள் வாக்குதான் பலித்தது. அதன்பிறகு மாமனாரின் "தேறுவானா?" பெரியவளைத் தாண்டிச் சமையலறை வரைக்கும் போனது.

"அண்ணி, நாற்காலியைக் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க," என்று கொழுந்தன் கிண்டலடித்தான்.

"உன் பொண்டாட்டி நின்னுக்கிட்டேதான் நல்லா சொல்றா. நிக்கட்டும்," என்று சிரித்தாள் பெரியவள். அன்று சின்னவள் போட்ட டீ அவளுக்கு மட்டும் கசந்தது.

அரையிறுதியில் கறுப்புச் சட்டை அணியின் நெட்டையன் இறங்கினான். எகிறி வந்த முதல் பந்திலேயே, இவன் தேறுவான் என்று பெரியவளுக்குத் தெரிந்துவிட்டது: முகம் இம்மியும் திரும்பவில்லை. வாயைத் திறப்பதற்குள், "தேறுவான் மாமா" என்று சொல்லிவிட்டு, சின்னவள் மாடிக்குத் துணி எடுக்கப் போய்விட்டாள்.

"சந்தேகம்தான்," என்றாள் பெரியவள்.

வர்ணனை ஆங்கிலத்தில் ஓடியது. மாமனாருக்கு அதில் அவுட் ஒன்றுதான் புரியும். நெட்டையன் அடித்த பந்து எல்லைக்கோட்டுக்கு ஓடியது.

"என்னாச்சும்மா?"

"எட்ஜு மாமா. பேட் ஓரத்துல பட்டுத் தப்பிச்சான்."

அடுத்ததும் பறந்தது. மைதானமே அதிர்ந்தது.

"எதுக்குக் கத்துறாங்க?"

"பௌலருக்குக் கை தட்டுறாங்க. இவன் திணறுறான், பாவம்."

மூன்றாவதையும் எட்ஜு என்றாள். மாமனார் கட்டுப்போட்ட முகத்தை அவள் பக்கம் திருப்பினார்.

"எட்ஜுன்னா டிக்குனு கேக்கும். இது மூணும் நடு பேட்டுல பட்ட சத்தம். கட்டு கண்ணுலதாம்மா, காதுல இல்ல."

அவள் டிவியையே பார்த்தாள். நரம்பு கிடைக்காமல் இரண்டாம் தடவை குத்தும்போதும் இப்படித்தான், நோயாளியின் முகத்தைப் பார்க்கமாட்டாள்.

"சின்னவளைக் கூப்பிடவா மாமா?" என்று கடைசியில் கேட்டாள்.

"எதுக்கு? பக்கத்துல உக்காந்திருக்கிறது நீதானே. பாத்ததைச் சொல்லு. முகத்தைத் திருப்புறானா?"

"இல்ல."

"அப்ப?"

"தேறுவான்," என்றாள். இதைச் சொல்வதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது.

சின்னவள் துணிக்குவியலோடு இறங்கி வந்தாள். "அக்கா, நெட்டையன் எவ்ளோ?"

"இருபத்திரெண்டு."

"நான் சொன்னேன்ல மாமா?"

"சொன்ன, சொன்ன. இப்பத்தான் பெரியவளும் சொன்னா," என்றார் மாமனார்.

அவர் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனாலும் பெரியவள் இரண்டாவதாகச் சொன்னவளாகிவிட்டாள். நெட்டையனோ அசைவதாக இல்லை. மறுமுனையிலாவது ஒரு விக்கெட் விழாதா என்றிருந்தது பெரியவளுக்கு. அடுத்து வருகிறவன் எல்லைக்கோட்டைத் தாண்டும்போதே முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும்; சின்னவள் அந்தத் துணியை மடித்து முடிப்பதற்குள்.