அடுக்களைக்கு ஒரு ஸ்விட்ச்

கரமனையில் எங்கள் வீட்டுக்குக் கரண்டு வந்த கதையைச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

எங்கள் தெருவில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. இரண்டு பக்கச் சுவரும் அண்டை வீட்டாரோடு பொது. அதில் ஜன்னல் வைக்க முடியாது. அடுக்களைக்கு வெளிச்சம் என்று வந்ததெல்லாம் கொல்லைப்புறம் இருந்த ஒரே ஜன்னல் வழியாகத்தான். அந்த வருஷம் என் மாமனார் பின்னால் புதிதாக ஒரு அறை கட்டினார். கட்டுகிற ஜோரில் ஜன்னலையும் அடைத்துவிட்டார்.

"அதான் கரண்டு வரப்போறதே, ஜன்னல் என்னத்துக்கு?" என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை. என் கணவரைக் கேட்டார். அவர் வழக்கம்போல, "ஆமாம்ப்பா" என்றார். அந்த இருட்டில் நின்று சமைக்கப் போகிறவள் நான்.

நான் வாயைத் திறக்க முடியாது. அந்த நாளில் எங்கள் வீட்டு வழக்கம் அப்படி. மாமனாரிடம் மருமகள் நேராகப் பேசக்கூடாது. வேண்டியதை மாமியாரிடம் சொல்ல வேண்டும். அவருக்குத் தோன்றினால் அது மாமனார் காதுக்குப் போகும். கல்யாணமாகி ஆறு வருஷம், அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவே இருந்த பழைய மண்சுவரையும் இடித்துவிட்டுப் பலகைத் தடுப்பு அடித்தார்கள். சுவர் தின்கிற இடம் மிச்சமாம். வயர்மேன் வந்தார். மலையாளி, எங்கள் தெருவில் பழகிப் பழகித் தமிழும் கலந்து பேசுவார். ஸ்விட்ச் பொருத்தும் தேக்குப் பெட்டியை வைக்க, அடுப்புக்குப் பக்கத்தில், என் மார்பு உயரத்துக்குப் பலகையைச் சதுரமாக அறுத்தார்.

"அம்மாவுக்கு இவிடே சௌகரியமல்லே?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அது அரை மணி நேரம்கூட நிலைக்கவில்லை. மாமியார் குளித்துவிட்டு மடிப்புடவையோடு வந்து ஓட்டையைப் பார்த்தார். "கண்டவா கை படற ஸ்விட்சை மடியில எப்படித் தொடறது? இது இங்க இருக்கப்படாது."

கூடத்திலிருந்து மாமனார் சொன்னார்: "ஈரக்கையோட தொட்டா ஷாக் வேற அடிக்கும்."

முருங்கைக்காயை எவ்வளவு நீளத்துக்கு நறுக்குவது என்பதில்கூட ஒத்துப்போகாத இரண்டு பேரும் இதில் மட்டும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள். என் கணவரைப் பார்த்தேன். "ரெண்டு பேர் சொல்றதும் நியாயம்தானே" என்றார். என்ன மனுஷர்!

அடுத்து, நாங்கள் சாப்பிட உட்காரும் பக்கம் ஒரு ஓட்டை போட்டாயிற்று. எச்சில் கையோடு யாராவது தொட்டுவிடுவார்கள் என்று அதுவும் தள்ளுபடி. அதன் மேல் ஒரு காலண்டரை மாட்டினார்கள். வயர்மேனுக்கே பொறுமை போய்விட்டது.

"ஒரு இடம் தீர்ச்சையாக்கிச் சொல்லணும். பலகையில துளை இட்டா பின்னெ அது துளைதன்னே."

மாமனார் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். தடுப்பின் கூடத்துப் பக்கம், தம் சாய்வு நாற்காலிக்கு மேலே, உட்கார்ந்தபடியே கை எட்டும் இடத்தில் பெட்டி வைக்கப்பட்டது. வயர் முதலிலேயே அங்கே இழுத்திருந்ததால், அடுப்புப் பக்கத்து முதல் ஓட்டைக்குச் சரியாக ஒரு சாண் கீழே ஸ்விட்ச் வந்தது. ஓட்டையை அடைக்க ஆசாரி நாளைக்கு வருவான் என்றார்கள். அவன் வரவே இல்லை.

"வெளிச்சம் வேணும்னா சொல்லச் சொல்லு, போட்டுட்டாப் போச்சு" என்று மாமனார் மாமியாரிடம் சொன்னார். யாரிடம் சொல்வது? மாமியார் பாதி நேரம் கோயிலில். என் கணவர் ஆபீஸில். மாமனாரிடமோ நான் பேசக்கூடாது. இதை அந்த வீட்டில் ஒருவரும் யோசிக்கவில்லை.

கரண்டியால் பாத்திரத்தைத் தட்டிப் பார்த்தேன். மருமகளுக்குக் கோபம் என்று மாமியாரிடம் புகார் போயிற்று. சில நாள் மாமனார் தாமாகவே விளக்கைப் போடுவார், கொஞ்ச நேரத்தில், "பகல்ல என்னத்துக்கு எரியறது?" என்று அணைத்தும் விடுவார். பகலாம்! ஆடி மாசத்து மழையில் அந்த அடுக்களையில் என் கையே எனக்குத் தெரியாது. சாம்பாரில் இரண்டு தடவை உப்பு விழுந்தது. அதற்கும் நான்தான் பேச்சு வாங்கினேன்.

அப்படி ஒரு மழை நாளில் மாமனாரைப் பார்க்க அவருடைய பழைய ஆபீஸ் சிநேகிதர் வந்திருந்தார். நான் கொதிக்கிற எண்ணெயில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். பட்டென்று விளக்கு அணைந்தது. "நம்மாத்துல எல்லாம் ஒரு ஒழுங்குல வச்சிருக்கேன், கேட்டேளா?" என்று மாமனார் பெருமையாகச் சொல்வது காதில் விழுந்தது. எண்ணெய் தெறித்து என் மணிக்கட்டைச் சுட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. அந்த ஓட்டைக்குள் கையை விட்டேன். அறுத்த விளிம்பு முழங்கை வரை சிராய்த்தது. கீழே துழாவி ஸ்விட்சைப் போட்டேன்.

"ஓய், சுவத்துலேர்ந்து ஒரு கை!" என்று சிநேகிதர் அலறினார்.

மாமனார் அணைத்தார். நான் போட்டேன். மறுபடியும் அணைத்தார். மறுபடியும் போட்டேன். அப்புறம் ஓட்டையில் வாயை வைத்து, "அணைக்காதீங்கோ, எண்ணெய் கொதிக்கறது" என்றேன். நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். பயம் பாதி, ஆத்திரம் பாதி. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

மறுநாள் காலையில், இத்தனை நாள் வராத ஆசாரி உளியும் இழைப்புளியுமாக வந்து நின்றான். மாமனாரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டாராம். ஓட்டையை அடைக்கப் போகிறார்கள், நம் கதை முடிந்தது என்று அடுப்படியில் கல்லாக நின்றேன்.

"அடைக்க வேண்டாம்" என்று மாமனார் கூடத்திலிருந்து சொன்னார். "விளிம்பை நன்னா இழைச்சு வழவழன்னு பண்ணிவிடு. கை கிழியறது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் பாருங்கள், ஆசாரியும் இருந்தான், ஆயுதமும் இருந்தது. அந்த ஸ்விட்சைக் கழற்றி இந்தப் பக்கம் வைக்கலாமே என்று மட்டும் அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த வீட்டை விட்டுப் போகிறவரை அந்த ஓட்டை வழியாகத்தான் நான் விளக்குப் போட்டேன்.