நான் நிறுத்திய ஒலிபெருக்கி

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் தொடங்கிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அங்கே நடந்த ஓர் அரசியல் ஆராய்ச்சிக் கருத்தரங்குக்கு, கரவெட்டியிலிருந்து என் ஒலிபெருக்கிச் சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். எனக்குத் தெரிந்த அரசியல், தேர்தல் மேடைதான். குரல்கள் உயர்ந்து கல்லெறி வரப்போகிறது என்று தெரிந்தால் ஒலிபெருக்கியை நிறுத்திவிடுவது எங்கள் தொழிலில் வழக்கம். சத்தம் அடங்கினால் சனத்தின் சூடும் அடங்கும், ஒலிபெருக்கிப் பெட்டியும் தப்பும்.

அன்று ஒரு பேராசிரியர் கட்டுரை வாசித்தார். பெரிய நாட்டின் பக்கத்தில் இருக்கும் சின்ன நாடு பணிந்துதான் போகவேண்டும், வேறு வழியில்லை என்பது அவர் முடிவு. எல்லோரும் கைதட்டினார்கள். அப்போது பின்வரிசையில் மெலிந்த பெண் ஒருத்தி எழுந்தாள். அவரிடமே படிக்கிறவளாம். நீண்ட வயரோடு ஒலிவாங்கியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு என் பெட்டியடிக்குத் திரும்பினேன்.

"சேர், நீங்கள் சொன்னது பிழை," என்றாள்.



"இரும் பிள்ளை!" என்று முன்னால் ஒருவர் உட்காரச் சொல்லி அதட்டினார்.

"அவ ஏன் இருக்கவேணும்? கேள்வி கேட்கத்தானே வந்தனாங்கள்!" என்று இன்னொருவர் துள்ளி எழும்பினார்.

என் கை தானாகவே போய் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டது. அவளுடைய உதடு மட்டும் அசைந்தது. பிறகு அதுவும் நின்றது. முகம் வாடி உட்காரப் போனாள்.

பேராசிரியர் மேடையை விட்டு இறங்கி நேரே என்னிடம் வந்தார்.

"ஏன் அண்ணை நிப்பாட்டினனீங்கள்?"

"சண்டை வரப்போகுது ஐயா."

அவர் சிரித்துவிட்டார். "இந்தச் சண்டைக்குத்தானே அண்ணை உங்களைக் கூப்பிட்டனாங்கள். போடுங்கோ. பிள்ளை, நீர் சொல்லும்."

ஒலிபெருக்கியைத் திரும்பப் போட்டேன். சின்ன நாடுகள் ஒன்றுசேர்ந்து கதைத்துப் பெரிய நாடுகளை இறங்கிவரச் செய்ததை அவள் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். எனக்குப் பாதி விளங்கவில்லை. பேராசிரியர் குறிப்பெடுத்துக்கொண்டே கேட்டார். கடைசியில் ஒலிவாங்கியைப் பிடித்து, "இவ சொன்னது சரி. என்ரை முடிவு பிழை. திருத்தி எழுதுறன்," என்றார். அவ்வளவு படித்த மனிதர், அத்தனை பேருக்கு முன்னால்!

வடையும் தேநீரும் வந்தபோது, அதட்டினவரே அவளிடம் தட்டை நீட்டினார். "எடும் பிள்ளை, அடுத்த சண்டைக்குத் தெம்பு வேணுமெல்லே!"

எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பெரிய குரல்களை ஊருக்குக் கேட்கச் செய்திருக்கிறேன். ஒருவர் தன் பிழையைத் தானே சொல்ல என் ஒலிபெருக்கி உதவியது அந்த ஒருநாள்தான்.

எழுதியது: 1982, தைப்பொங்கலுக்கு மறுநாள்.