சோத்துக்கும் ஒரு முறை

ஊர் நர்ஸ் வேலைன்னா ஊசி போடறதுன்னு நினைச்சுதான் நானும் சேர்ந்தேன். முக்கால்வாசி அது அடுத்தவங்க சோத்துப்பானைக்குள்ள எட்டிப் பார்க்கிற வேலைன்னு பிறகுதான் தெரிஞ்சுது. எழுபதுகளோட கடைசியில பழவேற்காடு ஏரிக்கரையில, தோணிரேவு பக்கம் எனக்கு டூட்டி. என்னை மாதிரி பை தூக்கி அலைஞ்சவங்க யாராவது இதைப் படிச்சா, என் அவஸ்தை உங்களுக்குப் புரியும்.

சோத்தை விட்டவ

வசந்தா நண்டு விக்கிறவ. கூடையோட பஸ் ஏறி திருப்பாலைவனம் வரைக்கும் போய் வருவா. நல்ல கனத்த உடம்பு. கல்யாணமாகி பல வருஷமா குழந்தை இல்ல, மாசத் தீட்டும் நினைச்சப்போதான் வரும். நான்தான் பொன்னேரி லேடி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். உடம்பைக் குறைச்சா தீட்டு ஒழுங்காகும், குழந்தையும் தங்கும், சோத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கோன்னாங்க.

கொஞ்சங்கிறதெல்லாம் வசந்தாவுக்கு ஒத்து வராது. அன்னிலேர்ந்து சோறு, இட்லி, கஞ்சி எதையும் தொடல. காலையில குழம்பு மீன், ராத்திரி அவிச்ச நண்டு. உடம்பு மளமளன்னு இறங்கிடுச்சு. பட்டினி கிடக்காதடின்னு நான் கத்தினதுக்கு அவ சொன்னா: "நான் இன்னா பட்டினியா கெடக்கறேன் நர்சம்மா? சோத்தைத்தானே வுட்டேன், மீனையா வுட்டேன்?"

அவசரச் சர்க்கரை

சில மாசத்துல தீட்டு சுத்தமா நின்னுடுச்சு. குழந்தை தங்கிடுச்சுன்னு அவ புருஷன் கோவிந்தனுக்குத் தலைகால் புரியல. ஏரியிலேர்ந்து வந்தவன் கால் சேத்தைக் கூட கழுவாம தெரு முழுக்க சர்க்கரை குடுத்துட்டு, அப்புறம்தான் அவளை என்கிட்ட கூட்டிட்டு வந்தான். அவ கையைப் பிடிச்சா ஐஸா இருக்கு. முடி கொத்துக் கொத்தா கொட்டுதுன்னா, வெயில்லயும் குளுருதுன்னா. அப்பவே ரெண்டு பேரையும் பொன்னேரிக்கு பஸ் ஏத்திக் கூட்டிட்டுப் போனேன்.

லேடி டாக்டர் சோதிச்சுப் பார்த்துட்டு குழந்தை இல்ல, பட்டினியாலதான் தீட்டு நின்னிருக்குன்னுட்டாங்க. வசந்தா அழல. சுவரைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்துட்டா. கோவிந்தன் மெதுவா சொன்னான்: "சர்க்கரை குடுத்தது குடுத்ததாவே இருக்கட்டும் நர்சம்மா. இவ பசிக்கு இன்னா பண்றதுன்னு சொல்லுங்கோ."

முறை நாள் சோறு

டாக்டர் விளக்கினாங்க. ஊர்ல பஞ்சம்னு உடம்பு நினைச்சுக்கிட்டு, பிள்ளை பெத்துக்கற வேலையையே மூடி வெச்சுடுச்சாம். அதை நடத்துற ஹார்மோன் மறுபடி எழும்பணும்னா அப்பப்போ ஒரு நாள் வயிறார சோறு திங்கணும், மத்த நாள்ல அளவா. வசந்தா பயந்துட்டா. ஒரு நாள் தின்னா இறங்கின உடம்பெல்லாம் திரும்ப ஏறிடும்னு ஒரே பிடிவாதம். நான் எவ்வளவோ சொன்னேன், கேட்டாத்தானே.

வழி கண்டுபிடிச்சவன் கோவிந்தன்தான். ஏரியில வலை கட்டற இடத்துக்குப் பாடுன்னு பேரு. நல்ல பாடு எல்லாருக்கும் கிடைக்கணும்னு ஊருக்குள்ள முறை வெச்சிருக்காங்க. முறை இல்லாதப்போ யாரும் அங்க வலை இறக்க மாட்டாங்க. முறை வந்துட்டா யாரும் தடுக்கவும் மாட்டாங்க. எப்பேர்ப்பட்ட சண்டைக்காரனும் அதை மீற மாட்டான். கோவிந்தன் தன் முறை வர்ற நாளையே சோத்து நாளாக்கிட்டான். பாடு முடிஞ்சு வந்ததும் அவனே உலை வெச்சு, வடிச்சு, தட்டுல குவிச்சு அவ எதிர்ல உட்கார்ந்தான். முதல் தடவை நானும் கூட இருந்தேன். அவ கை சோத்து மேலயே நின்னுது, வாய்க்குப் போகல. அவன் சொன்னான்: "முறை வந்தா நான் வலை இறக்காம திரும்பி வருவனா? துன்னு வசந்தா."

வந்துடுச்சு

குழந்தைக்கு ஏங்கற பொம்பளைங்க தீட்டு வந்துடுச்சுன்னு என்கிட்ட அழுதுக்கிட்டுதான் வருவாங்க. எத்தனை பேரை நான் தட்டிக் குடுத்து அனுப்பியிருக்கேன். ஒரு நாள் காலையில வசந்தா ஓடி வந்தா. முகத்துல பழைய களை வந்திருக்கு, உடம்பும் திரும்ப ஏறல. வந்ததும் என் கையைப் பிடிச்சுக்கிட்டா. அது வெதுவெதுன்னு இருந்துச்சு. எனக்குப் புரிஞ்சு போச்சு, அவளைக் கட்டிக்கிட்டேன். அவ சொன்னா: "எல்லாரும் இது வரக்கூடாதுன்னு சாமிகிட்ட வேண்டிப்பாங்க நர்சம்மா. வந்ததுக்கு நான் பொங்கல் வெக்கப் போறேன்."

அந்தப் பொங்கலை நானும் வயிறார தின்னேன்; ஒரு வருஷம் கழிச்சு அவளுக்கு மறுபடி தள்ளிப் போனப்போ, குழந்தைதான்னு டாக்டர் வாயால கேட்கற வரைக்கும் கோவிந்தன் வீட்டுச் சர்க்கரை டப்பாவை என் பையிலயே பூட்டி வெச்சிருந்து, அப்புறம் தெரு முழுக்க நானே குடுத்தேன்.