பூச்சி வராத நீலம்

சம்யுக்தா நகத்தளவு கண்ணாடிச் சில்லுக்கு மின்கம்பி மாட்டி, ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, பூச்சிக்காகக் காத்திருக்கிறாள். சில்லு நீலமாக ஒளிர்கிறது. பூச்சி வரவில்லை. கட்டிலில் படுத்தபடி அவள் அப்பா ரிஷபதாஸ், "இன்னிக்கும் ஒண்ணும் வரலைம்மா. ரொம்ப நல்ல விளக்கு" என்கிறார். அவள் முகம் சுருங்குகிறது.

திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் குடும்பம். விளக்கில் விழுந்து ஓர் உயிர் போகக் கூடாது என்று பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவார்கள். பிறகு கூடத்தில் வலைத்துணி சுற்றிய மங்கல் பல்பு ஒன்றுதான். பெரியவர் ரிஷபதாஸுக்கு இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அவரைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் நான்.

சம்யுக்தா சென்னைக்குப் போய்வந்து விளக்கு ஆராய்ச்சி செய்கிறாள். செல்போன் திரையில் இருக்கிற வகை. ஏதோ ரசாயனத்தில் துளி இரிடியம் உலோகம் கலந்து, மின்சாரம் பாய்ச்சி ஒளிர வைப்பது. பச்சையும் சிவப்பும் எப்போதோ வழிக்கு வந்துவிட்டன, நீலம்தான் படுத்துகிறது. இந்த மாதத்துக்குள் நீலத்தின் ஒளி கூடாவிட்டால் பச்சைக்கு மாறிவிடு என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். அவள் பட்ட பாடெல்லாம் குப்பைக்குப் போகும்.

"உள்ளே நூறு பங்கு வெளிச்சம் பொறக்குது சிஸ்டர், இருபதுதான் வெளியே வருது. மிச்சம் கண்ணாடிக்குள்ளயே சுத்திக்கினு கெடக்குது."

எனக்கு உடனே புரிந்தது. நோயாளிக்கு உள்ளே போனதையும் சிறுநீராக வெளியே வந்ததையும் அளப்பதுதான் என் தொழிலும். வராவிட்டால் நான் டாக்டரைக் கூப்பிடுவேன். மாட்டிக்கொண்ட வெளிச்சத்தை வெளியே இழுக்க அவள் சில்லின்மேல் பொடிக் கொப்புளங்கள் நிறைந்த மெல்லிய தாளை ஒட்டுகிறாள். கொப்புளத்தைக் கண்டால் மருந்து போடுகிறவள் நான்.

என் மாத்திரை டப்பாக்களிலிருந்து ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைத் திருடி, டிபன் பாக்ஸில் சில்லுகளோடு போட்டுக்கொள்வாள். ஈரம் பட்டால் செத்துவிடுமாம். என் இட்லியையும் விடமாட்டாள்: "எவ்ளோ மாவு ஊத்தினீங்க, எத்தினி இட்லி வந்துச்சு?"

ஆய்வுக்கூடத்தில் அளக்கக் கருவி இருக்கிறது. அவளுக்கு அது போதாது, பூச்சி தேடி வந்தால்தான் ஒளி கூடியதாகக் கணக்கு. "கருவிய நாம திருத்திடலாம் சிஸ்டர். பூச்சிகிட்ட நம்ம பேச்சு எடுபடாது."

"ஊரெல்லாம் இதையே போட்டா ஒரு கொசுகூட சாவாதும்மா" என்பார் அப்பா.

"அது பாராட்டு இல்லப்பா."

நேற்று மழை விட்டதும் புதுத் தாள் ஒட்டிய சில்லை வைத்தாள். மங்கல் பல்பைச் சுற்றிக்கொண்டிருந்த ஈசல் ஒன்று அதை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பியது.

"சம்யு, வந்துடுச்சும்மா" என்று பதறினார் அப்பா.

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஈசல் நீலத்தை நோக்கித் தாழ்ந்து இறங்கியது. அது தொடுவதற்குள் பாய்ந்துபோய்க் கம்பியைப் பிடுங்கினாள்.