கன்னத்தில் போட்ட கை

எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் பென்சன் எடுத்த கிளார்க் ஒருவர் இருக்கிறார். ஸ்கூட்டரில் போகும்போது இடக்கையில் போனைப் பிடித்து, முன்னால் போகிறவர்களை வீடியோ எடுத்துப் பொலிசுக்கு அனுப்புவதுதான் அவருக்கு வேலை. ஊரைத் திருத்துகிறாராம். முகத்துக்கு நேரே ஒரு சொல் சொல்லத் துணிவில்லாத பிறவி.

போன மாசியில் நான் அகப்பட்டேன். ஓட்டோ ஓடும்போது போனில் கதைத்தேனாம். ஸ்டேசனுக்கு வரச் சொன்னார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு இதைவிட வேறு தொழில் தெரியாது. லைசன்ஸைப் பறித்துவிட்டால் என்ன செய்வது என்று மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. கடைசியில், உண்மையாகவே கதைத்தேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஸ்டேசனில் கிளார்க் திருநீறு பூசி, பரிசு வாங்க வந்தவர் மாதிரி இருந்தார். சார்ஜன்ட் அந்த வீடியோவைப் போட்டார். ஓட்டோவுக்குப் பின்னாலிருந்து எடுத்தது. என் இடது கை காதடியில் நின்றது.

"பாருங்கோ, கையும் களவுமா," என்றார் கிளார்க்.

படத்தின் ஓரத்தில் இணுவில் கந்தசுவாமி கோயில் கோபுரம் தெரிந்தது.

"ஐயா, அது கோயிலடி. கன்னத்திலை போட்டனான்," என்றேன்.

"பிடிபட்ட பிறகு எல்லாரும் பக்தர்தான் தம்பி," என்றார் கிளார்க்.

சார்ஜன்ட் திரும்பவும் போட்டுப் பார்த்தார். காலை வெயிலில் ஸ்கூட்டரின் நிழல் தெருவில் நீளமாக விழுந்திருந்தது. நிழலின் ஒரு கையில் போன். மற்றக் கை ஹாண்டிலை விட்டு எழும்பிக் கன்னத்துக்குப் போனது. "முருகா" என்று கிளார்க்கின் குரலும் கேட்டது.

சார்ஜன்ட் கிளார்க்கிடம் திரும்பினார். "ஐயா, அப்ப ஹாண்டிலை ஆர் பிடிச்சது? முருகனோ?"

"அது... பழக்கத்திலை போனது."

"ஓட்டோக்காரருக்கும் பழக்கம்தான். எங்கை, உங்கடை லைசன்ஸை எடுங்கோ."

லைசன்ஸ் வீட்டு அலுமாரிக்குள் பத்திரமாக இருக்கிறதாம்.

சார்ஜன்ட் என்னைப் பார்த்தார். "நீர் போம். இனி மனசுக்குள்ளை கும்பிடும்."

நான் ஓட்டோவை எடுக்க, கிளார்க் பின்னாலேயே வந்தார். அவருடைய ஸ்கூட்டரைப் பொலிசில் மறித்து வைத்துவிட்டார்கள்.

"தம்பி, வீட்டடியிலை இறக்கிவிடுவியோ?"

வெட்கம் மருந்துக்கும் இல்லை. இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏற்றினேன். கோயிலடி வந்தபோது கண்ணாடியில் பார்த்தேன். பின்சீற்றில் சாய்ந்திருந்து, இரண்டு கையாலும் ஆறுதலாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார். நான் ஹாண்டிலை விட்டுக் கையெடுக்கவில்லை. பயம்.